புதுச்சேரியிலிருந்து சைகோன் எவ்வளவு தூரம்?

ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்த இரண்டு நகரங்களுக்கு இடையே 2,925 கிலோமீட்டர் நேர்த்தூரம் இருக்கிறது. அந்த எண் மாறுவதில்லை; அதைக் கடக்க ஆகும் காலம் மட்டும் பருவக்காற்று, நீராவிக் கப்பல், அரசியல், விமானத்தடம் ஆகியவற்றுக்கேற்ப மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையிலான தூரத்தைச் சொல்வதற்கு நான்கு அளவுகள் வழக்கில் உள்ளன. பூமிப்பரப்பின் மீது வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம் ஒன்று. கப்பலோ வண்டியோ உண்மையில் செல்லும் பாதையின் நீளம் இரண்டாவது. விமானம் புறப்பட்டு நிற்கும்வரை ஆகும் நேரம் மூன்றாவது. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து போய்ச்சேரும் வீட்டின் கதவைத் தட்டும்வரை ஆகும் நேரம் நான்காவது. பெருநகரங்களுக்கு இடையே இந்த நான்கும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. புதுச்சேரிக்கும், இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனுக்கும் இடையே அவை ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நிற்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுவைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் போய்வந்த நகரம் அது என்பதால், அந்த விலகலை ஆராய்வது இந்த ஊரின் வரலாற்றை ஆராய்வதாகவும் ஆகிறது.

கோட்டின் கீழே உள்ள நிலங்கள்

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனை பாகையில் ஓர் இடம் இருக்கிறது என்பதைக் காட்டுவது அட்சரேகை. கிரீன்விச்சிலிருந்து கிழக்கே எத்தனை பாகையில் இருக்கிறது என்பதைக் காட்டுவது தீர்க்கரேகை. புதுச்சேரி வடக்கே 11.93 பாகையிலும் சைகோன் 10.82 பாகையிலும் இருப்பதால், முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்பவர் ஏறத்தாழ நேர்கிழக்கே செல்கிறார். தீர்க்கரேகையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 26.8 பாகை, இந்த அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 109 கிலோமீட்டர்.

உருண்டையான பூமியின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதியாகும். இதைப் பெருவட்டம் என்பர். வடக்கே வெகுதொலைவில் உள்ள நகரங்களுக்கு இடையே பெருவட்டப் பாதை துருவத்தை நோக்கி நன்றாக வளைந்து செல்வதால், நிலப்படத்தில் நேராகத் தெரியும் பாதையைவிடப் பல நூறு கிலோமீட்டர் குறைவாக அமையக்கூடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய புதுச்சேரி – சைகோன் பாதையில் அந்தச் சேமிப்பு ஒரு கிலோமீட்டர் அளவே. பள்ளி நிலப்படத்தில் அளவுகோலை வைத்துக் கிழித்த கோட்டையே இங்கே ஏறக்குறைய உண்மையான குறுக்குவழியாகக் கொள்ளலாம்.

அந்தக் கோட்டைத் தொடர்ந்து சென்றால், வங்கக் கடலைக் கடந்தபின் முதலில் எதிர்ப்படும் நிலம் அந்தமான் தீவுகள். 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர், இந்தப் பாதையின் மேலேயே, கிட்டத்தட்ட நடுவழியில் இருக்கிறது. அதன்பின் அந்தமான் கடல், மியான்மரின் தனிந்தாரிப் பகுதி, தாய்லாந்தின் ஒடுங்கிய நிலத்துண்டு, தாய்லாந்து வளைகுடா, கம்போடியாவின் தென்பகுதி என்று சென்று மீகாங் சமவெளியின் விளிம்பில் கோடு முடிகிறது. தொடங்குமிடம், நடுவிடம், முடியுமிடம் ஆகிய மூன்றும் கடந்த அரை நூற்றாண்டில் பெயர் மாறியவை: சைகோன் 1976இலும் பாண்டிச்சேரி 2006இலும் தத்தம் புதிய பெயர்களைப் பெற்றன.

கிழக்கு – மேற்குத் தூரம் என்பது காலம்

தீர்க்கரேகை வேறுபாட்டை நேரமாகவும் படிக்கலாம். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆவதால், 26.8 பாகை என்பது 1 மணி 47 நிமிடம். இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதனால், ஆண்டின் எந்த நாளிலும் சைகோனில் விடிந்து ஏறக்குறைய இவ்வளவு நேரம் கழித்தே புதுச்சேரியில் விடிகிறது. கடிகாரங்களுக்கு இடையிலான வேறுபாடு ஒன்றரை மணி நேரம் மட்டுமே. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்ற ஏற்பாடு சூரியனின் கணக்கைச் சற்றே திருத்திவிடுகிறது.

கடிகாரம் செம்மைப்படாத காலத்தில் இந்த வேறுபாட்டை அளப்பது வானியலின் மிகக் கடினமான பணிகளில் ஒன்றாக இருந்தது. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக்கோள் கடந்துசெல்வதைக் காணப் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ழாந்தி, 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் கரையிறங்க முடியாமல் கடலிலேயே அந்நிகழ்வைக் கழிக்க நேர்ந்தது. அடுத்த நிகழ்வுக்காக மணிலாவரை சென்ற அவர், 1768இல் புதுச்சேரிக்குத் திரும்பி, இடிபாடுகளுக்கு நடுவே ஓர் ஆய்வகம் அமைத்து, ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணித்தார். 1769 ஜூன் மாதத்தில் வெள்ளி கடந்த காலை வேளையில் வானம் மேகத்தால் மூடிக்கொண்டபோதிலும், இந்த ஊர் உலகப்படத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியப்படுத்திய பணி வீணாகவில்லை. கிரகணம் கணிக்கும் தமிழ் முறையை இங்கிருந்தவர்களிடம் கற்று, சோழிகளைப் பரப்பிச் செய்யும் அந்தக் கணக்கின் விரைவை ஐரோப்பிய அறிஞருக்கு எழுதி அறிவித்தவரும் அவரே.

பாசிமணிகள் சென்ற வழி

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டான 1944இல், சைகோனுக்குத் தென்மேற்கே மீகாங் சமவெளியில் ஓக் ஏயோ என்ற பழந்துறைமுகத்தை லூயி மல்லெரே அகழ்ந்திருந்தார். இரண்டு இடங்களிலும் ரோமானியத் தொடர்புக்குச் சான்றுகள் கிடைத்தன. இரண்டிலும் சிறு கண்ணாடிப் பாசிமணிகள் ஏராளமாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்யும் இம்மணிகள், இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவியிருப்பதால் இந்தோ–பசிபிக் மணிகள் எனப்படுகின்றன. அவற்றின் தொடக்கக் களங்களில் ஒன்றாக அரிக்கமேடு கருதப்படுகிறது.

இடைப்பட்ட பயணத்தின் தடம் தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள குவான் லுக் பட் என்ற இடத்தில் தெரிகிறது. பாசிமணி மேடு என்று பொருள்படும் அவ்விடத்தில், தமிழ்–பிராமி எழுத்துப் பொறித்த பொற்கொல்லர் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. பொன்னின் மாற்றை உரசிப் பார்க்கும் கல் அது. தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே சென்று, வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பிய அக்கால வணிகர்களுக்கு, மலாய்த் தீபகற்பத்தைச் சுற்றிச் செல்லும் வழியோடு, அதன் ஒடுங்கிய பகுதியில் சரக்கை இறக்கி நிலத்தின் வழியே மறுகரைக்குக் கொண்டுசெல்லும் வழியும் இருந்தது. பெருவட்டக் கோடு தீபகற்பத்தைக் கடப்பதும் அதன் ஒடுங்கிய பகுதியில்தான். ஆகவே, காலத்தால் மிக நீண்டதான அந்தப் பழம்பயணம், பாதையின் வடிவத்தால் பிற்கால நீராவிக் கப்பலின் வழியைவிட நேர்கோட்டுக்கு நெருக்கமாக அமைந்திருக்கக்கூடும். காற்று திரும்பும்வரை காத்திருந்த மாதங்களே அன்றைய உண்மையான தூரம்.

நீராவிக் கப்பலின் வளைவு

1859இல் சைகோனைக் கைப்பற்றிய பிரான்ஸ், 1862இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் கொச்சின்சீனா என்று தான் அழைத்த தென் வியட்நாம் பகுதியில் ஆட்சியை நிறுவத் தொடங்கியது. அதே 1862இல், பின்னர் மெசாழெரி மரித்தீம் என்று பெயர்பெற்ற பிரெஞ்சு அஞ்சல் கப்பல் நிறுவனம் இந்தோசீனாவுக்கான தன் சேவையைத் தொடங்கியது. இலங்கையின் காலியும், பின்னர் கொழும்பும், ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் பெருங்கப்பல்களும் புதுச்சேரி, சென்னை, கல்கத்தா செல்லும் கிளைக் கப்பல்களும் சந்திக்கும் இடமாயின.

கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து இலங்கையைச் சுற்றிக் கொழும்புக்குப் போய், அங்கே கப்பல் மாறி, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரைத் தொட்டுச் சைகோன் சேரும் பாதை சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். கிழக்கே போகவேண்டியவர் முதலில் தெற்கேயும் மேற்கேயும் போனார். இலங்கைப் பக்கம் திரும்பாமல் நேரே சிங்கப்பூர் வழியாகச் சென்றாலும் பாதை 4,000 கிலோமீட்டரைத் தாண்டும். மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பலுக்கு நேர்வழியே ஏழு நாள். கொழும்பு வழியே ஒன்பது நாள். துறைமுகங்களில் தங்கும் நாட்கள் இதற்கு மேல்.

பயணத்தின் இரு முனைகளும் முற்றிலும் வேறுபட்டவை. இயற்கைத் துறைமுகம் இல்லாத புதுச்சேரியில் கப்பல் கரையிலிருந்து விலகி நங்கூரமிட, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்குப் படகுகளில் ஆட்களும் மூட்டைகளும் அலைகளைத் தாண்டிச் சென்றனர். 1860களில் கட்டிய இரும்புக் கடற்பாலம் 1952 புயலில் அழியும்வரை அவர்களுக்குத் துணைநின்றது. சைகோனிலோ கப்பல் கடல்முகத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆற்றுக்குள் சென்று, நகரின் கரையிலேயே நின்றது.

சென்றவர்கள்

இவ்வளவு நீண்ட பயணத்தைப் புதுவை, காரைக்கால் மக்கள் தயங்காமல் மேற்கொண்டதற்கு 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை முக்கியமான காரணம். சாதி, சமயம் சார்ந்த தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைச் சூடிக்கொள்ள அந்த ஆணை வழிசெய்தது. துறந்தவர் என்ற பொருளில் ரெநோன்சான் எனப்பட்ட இவர்களுக்கு முன்னோடியாக நின்றவர், லபோர்த் என்று பெயர் சூடிய பொன்னுத்தம்பிப் பிள்ளை. பிரெஞ்சு படித்த இவர்களுக்குக் கொச்சின்சீனாவின் வரி, சுங்கம், அஞ்சல், காவல், நீதிமன்றம் ஆகிய துறைகளில் வேலை கிடைத்தது. சொந்த ஊரில் எட்டாத சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன.

அலுவலர்களோடு வணிகர்களும் சென்றனர். பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் சைகோனில் வட்டித்தொழில் நடத்தி, தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். பென் தான் சந்தைக்கு அருகே உள்ள மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியரே பெருமளவில் வழிபடுகின்றனர். தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட தென்னிந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல் 1935இல் நகரின் நடுவே எழுந்தது. பணமும் இதே பாதையில் நடந்தது: 1875இல் தொடங்கிய இந்தோசீனா வங்கி இரண்டே ஆண்டுகளில் புதுச்சேரியில் கிளை திறந்து, இங்கே ரூபாய் நோட்டையும் அங்கே பியாஸ்தர் நோட்டையும் வெளியிட்டது.

ஓய்வுபெற்றுத் திரும்பியவர்களோடு சமையலும் திரும்பியது. மெல்லிய அரிசித் தாளில் இறைச்சியைச் சுருட்டிப் பொரிக்கும் நெம், புதுவையின் சில வீடுகளில் விருந்துநாள் பலகாரமாக நிலைத்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரைச் சொல்தா என்றழைக்கும் ஊர்வழக்கிலும் அந்தக் கடற்பயணத்தின் எச்சம் இருக்கிறது. ஒன்பது நாள் தொலைவு இந்தக் குடும்பங்களுக்குத் தொலைவாகத் தோன்றவில்லை. ஒரே கொடி, ஒரே ஆட்சிமொழி, ஒரே கப்பல் நிறுவனம் என்ற தொடர்ச்சி அதைச் சுருக்கியிருந்தது.

அறுந்த தடம்

அந்தத் தொடர்ச்சி அரசியலைச் சார்ந்தது என்பதை இரண்டாம் உலகப்போர் காட்டியது. 1940இல் ஆளுநர் லூயி போன்வேன் தலைமையில் பிரெஞ்சிந்தியா, ஜெர்மனியை எதிர்த்த தெ கோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர, இந்தோசீனா ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசின் பக்கம் நின்று, விரைவில் ஜப்பானியப் படைகளுக்கு இடம் கொடுத்தது. கடல் அதே கடலாக இருந்தும், போர் ஓயும்வரை புதுச்சேரியும் சைகோனும் எதிரெதிர் அணிகளில் பிரிந்து கிடந்தன.

1954இல் இரு முனைகளும் ஒரே ஆண்டில் பிரான்சின் கையிலிருந்து நழுவின. மே 7ஆம் நாள் வட வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது; ஜூலையில் இந்தோசீனப் போரை முடித்த ஜெனீவா உடன்பாடு வந்தது; அக்டோபர் 18ஆம் நாள் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களிக்க, நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. இரண்டு மக்களுக்கும் அது விடுதலை. ஆனால், இரண்டு ஊர்களையும் இணைத்த நிர்வாகப் பாலம் அத்துடன் பொருளிழந்தது. சைகோனில் எஞ்சியிருந்த புதுவைக் குடும்பங்களில் பல, அடுத்த இருபது ஆண்டுகளின் போரில் ஊர் திரும்பின அல்லது பிரான்சுக்குச் சென்றன.

வான்வழி தொடக்கத்திலேயே புதுச்சேரியை விட்டு விலகிச் சென்றது. 1931இல் மார்செய்யிலிருந்து சைகோனுக்குத் தொடங்கிய பிரெஞ்சு விமானத்தடம், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று வட இந்தியாவின் வழியே சென்றது. நீண்ட கடலைக் கடக்க இயலாத அக்கால விமானங்களுக்குக் கரையோரம் எரிபொருள் நிரப்பும் நிலையங்கள் தேவைப்பட்டன. கப்பல்காலத்தில் கிளைப்பாதையின் நிறுத்தமாகவாவது இருந்த ஊர், விமானகாலத்தில் அந்த இடத்தையும் பெறவில்லை.

பறக்கும் நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

நடுத்தர ஜெட் விமானம் ஒன்று 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 2,925ஐ அதனால் வகுத்தால் மூன்றரை மணி நேரம் கிடைக்கிறது. ஓடுபாதைவரை ஊர்ந்துசெல்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் சேரும். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் நிற்கும்வரை உள்ள இந்த மொத்தத்தை பிளாக் டைம் என்பர். பயணச்சீட்டில் அச்சிடப்படுவதும் அதுவே. புதுச்சேரி – சைகோன் பாதைக்கு அது நான்கு மணி நேரத்தை ஒட்டியே அமையும்.

காற்று இந்தக் கணக்கை மாற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல், 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தை மையமாகக் கொண்டு, கிழக்கிலிருந்து மேற்கே வலிமையான காற்று வீசுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதை 1950களில் கண்டறிந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் கீழ்விளிம்பில் பறக்கும் விமானம் தென்மேற்குப் பருவ மாதங்களில் கிழக்கே போகையில் எதிர்க்காற்றையும் திரும்புகையில் பின்காற்றையும் சந்திக்கிறது. பாய்மரக் கப்பலைக் கிழக்கே தள்ளிய அதே பருவத்தில், மேல்வானத்தின் காற்று விமானத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது.

இன்றைய கணக்கு

இந்த நான்கு மணி நேரப் பறப்பு புதுச்சேரிக்குக் கிடைக்கவில்லை. லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர். முழுச்சுமையோடு நெடுந்தூரம் செல்லும் ஜெட் விமானத்துக்கு அது போதாது. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் தொடங்கிய சேவைகள் ஏடிஆர் வகை விமானங்களைக் கொண்டவை. சுழல்விசிறியால் இயங்கும் அவ்விமானம் குறுகிய பாதையில் இறங்கவல்லது என்றாலும், பயணிகள் நிறைந்த நிலையில் சைகோன் தூரத்தில் பாதியளவே அதனால் பறக்க முடியும். ஓடுபாதையை நீட்டுவதற்குத் தமிழ்நாட்டின் எல்லைக்குள் உள்ள நிலமும் தேவைப்படுவதால், அந்தத் திட்டம் இரண்டு அரசுகளின் இசைவைச் சார்ந்து நிற்கிறது.

ஆகவே புதுவைப் பயணிக்கு வேறு வழிகளே உள்ளன. சென்னையிலிருந்து பாங்காக் வழியாகச் செல்பவர் சென்னை விமான நிலையத்துக்குச் சாலையில் மூன்று மணி நேரமும், பன்னாட்டுப் பயணத்துக்கான முன்வருகையில் மூன்று மணி நேரமும், இரண்டு பறப்புகளில் ஏறக்குறைய ஐந்து மணி நேரமும், இடைநிற்றலில் மூன்று மணி நேரமும், குடிநுழைவுச் சோதனையில் ஒரு மணி நேரமும் என்று பதினைந்து மணி நேரம் செலவிடுகிறார். பாங்காக் வழியான வான்தூரம் சென்னை – சைகோன் நேர்த்தூரமான 2,890 கிலோமீட்டரைவிட ஐம்பது கிலோமீட்டரே அதிகம். தூரம் கூடாமல் நேரம் மட்டும் கூடுகிறது. சிங்கப்பூர் வழியே சென்றால் வான்தூரம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நீராவிக் கப்பல் வளைந்த அதே வளைவில் விமானமும் வளைகிறது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் 2023 நவம்பரில் தொடங்கியபோது வேறொரு வழி திறந்தது. திருச்சிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தென்மேற்கே சாலையில் போய், 3,050 கிலோமீட்டர் பறந்தாலும், இடைநிற்றல் இல்லாததால் மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் சென்றுசேர முடிந்தது. கொழும்பில் கப்பல் மாறிய பாட்டனாரைப் போலவே, கிழக்கே செல்ல விரும்பிய பேரனும் முதலில் மேற்கே சென்றார். அதிகத் தூரம் கொண்ட வழியே விரைவான வழியாக இருந்தது, தூரத்தை இனி எதைக்கொண்டு அளக்கவேண்டும் என்பதைத் தெளிவாக்குகிறது.

எஞ்சியிருக்கும் தூரம்

ஒன்பது நாள் பயணம் பதினைந்து மணி நேரமாகச் சுருங்கியிருப்பது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்தப் பதினைந்தில் பயணி வானில் இருப்பது மூன்றில் ஒரு பங்கே. மற்ற இரண்டு பங்கு சாலையிலும் வரிசையிலும் காத்திருப்பிலும் கழிகிறது. விமானத்தின் வேகத்தைக் கூட்டுவதால் இந்தப் பகுதி குறையாது. லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பும் சிறு விமானத்தின் நேரமும், பெங்களூரு அல்லது ஐதராபாத்திலிருந்து கிழக்கே செல்லும் பெரிய விமானத்தின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைவதாலும், பெட்டியை ஒரே இடத்தில் ஒப்படைத்துச் சைகோனில் பெற்றுக்கொள்ளும் ஒற்றைப் பயணச்சீட்டாலும், சென்னைச் சாலைப் பயணத்தின் சீர்மையாலும் அதைக் குறைக்கலாம். இவற்றில் எதற்கும் மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை தேவையில்லை. நேர அட்டவணை வகுப்பவர்கள் புதுச்சேரியை ஒரு தொடக்கப்புள்ளியாக எண்ணினால் போதும்.

அப்படி எண்ணுவதற்குப் போதிய காரணம் இந்த ஊரில் இருக்கிறது. பாட்டியின் பிறந்த ஊர் சைகோன் என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே உள்ளன. சைகோன் மாரியம்மன் கோயிலின் கோபுரத்தில் தமிழ்ச் சிற்பமரபு நிற்கிறது. மீகாங் சமவெளியின் மண்ணுக்குள் அரிக்கமேட்டு மணிகளின் உறவுகள் கிடக்கின்றன. பருவக்காற்றை நம்பியவர்களும் சலங்கில் ஏறிச் சென்றவர்களும் கடந்த 2,925 கிலோமீட்டர் அப்படியே இருக்கிறது. அதன்மேல் மனிதர் ஏற்றிவைத்திருக்கும் பத்து மணி நேரக் காத்திருப்பே இன்று புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் இடையே உண்மையில் மிஞ்சியிருக்கும் தூரம். இயற்கை விதித்ததன்று என்பதால், அதைக் குறைப்பது மனிதரின் பொறுப்பாகிறது.